பதினொண்ணு

அந்த வார்டில் கட்டில் நம்பர்தான் ஆள். பெரிய சிஸ்டர் போட்ட சட்டம் அது. "பேரைச் சொன்னா ஊசி போடற கை நடுங்கும்" என்று இருபது வருஷமாகச் சொல்லி வருகிறார்.

இன்று காலையும் சின்ன நர்ஸைப் பிடித்துக்கொண்டார்.

"பதினொண்ணு ராத்திரி தூங்குச்சா?"

"எங்க சிஸ்டர்? புரண்டு புரண்டு படுத்துச்சு."

"டெஸ்ட் ரிசல்ட்?"

"வந்துடுச்சு."

"கேன்சர்தானே? வாயில கொழுக்கட்டையா? சொல்லு."

"ஆமா, சிஸ்டர்."

"பதினொண்ணுகிட்ட சொல்லியாச்சா?"

"இப்பதான் சொன்னேன்... அக்கா."

பதினோராம் கட்டிலில் படுத்திருந்த பெரிய சிஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டினார். ஊசியோடு குனிந்த சின்னவளின் கை நடுங்கியது.

"அக்காவாம் அக்கா! நம்பரைச் சொல்லிட்டுப் போடுடி."