துணைக்கு வந்தவள்

"மாத்திரை போதும். ஊசியை எடுத்துட்டுப் போகச் சொல்லு!"

பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஊசியோடு வந்த நர்ஸ், 'நீயாச்சு, உன் பெரியவராச்சு' என்பதுபோல, துணைக்கு இருந்த ஆயாவைப் பார்த்தாள்.

ஆயா தன் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு, குரலைக் கட்டையாக்கிப் பேசினாள்.

"ஐயா, ரெண்டும் சேர்ந்தாத்தான் இந்த ரத்தப் புற்றுநோய் அடங்கும்னு டாக்டர் சொன்னாரில்ல?"

"எழுபத்தாறு வயசுல அது அடங்கி நான் என்ன கிழிக்கப் போறேன்?"

"எங்கூடச் சண்டை போடவாவது தெம்பு வேணாமா?"

முனகிக்கொண்டே புரண்டு, சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். நர்ஸுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மகன் கெஞ்சியும் மசியாத மனிதர், சம்பளத்துக்கு வந்த ஆயா சொன்னதும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டாரே!

அவள் சம்பளத்துக்கு வந்தவள் இல்லை. அவருடைய மூத்த மகள். பிடித்தவனைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்ற அன்று, "நான் செத்தாலும் என் முகத்துல முழிக்காதே" என்று கதவைச் சாத்தியவர் அவர். வருஷங்கள் ஓடிவிட்டன. மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும், கிட்டே போகிறவர்கள் முகத்தை மூடியே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது தம்பிக்குத்தான் இந்த யோசனை வந்தது.

"துணைக்கு ஆயா போட்டிருக்கேன்னு சொல்லிடறேன்க்கா. ஆனா கண்டுபிடிச்சார்னா தொலைஞ்சோம். மருந்தையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு வீட்டுக்குக் கிளம்பிடுவார்."

அந்தப் பயம் ஒரு மாதமாக அவளை அரித்தது. தாகமெடுத்தாலும் அவர் எதிரே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

டாக்டர் வந்து பரிசோதித்துவிட்டு அவளை வராந்தாவுக்கு அழைத்தார்.

"மருந்து நல்லா கேக்குதும்மா. எதிர்ப்புச் சக்தி தர்ற ரத்த அணுக்கள் ஏறிக்கிட்டே வருது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முகக்கவசம் நனைந்து மூக்கோடு ஒட்டியது.

"அதைக் கழட்டுங்களேன். இப்போதைக்கு வேண்டாம்னு போன வாரமே சொல்லிட்டேனே."

"யார்கிட்ட டாக்டர்? எங்கிட்ட யாரும் சொல்லலியே!"

டாக்டர் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரியவர்கிட்டதான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். 'முகத்தைக் காட்டற மாதிரி ஆச்சுன்னா, என் மக மறுபடியும் போயிடுவா டாக்டர்'ன்னார்."