வலது தோள்

மூர்த்தி தன் முகத்தை இன்னும் பெரிதாக்கச் சொன்னார்.

அச்சகத்தில் டிசைன் போடும் தேவிப்ரியா திரையில் பெரிதாக்கினாள். பாதி போஸ்டரை அவர் மீசையே அடைத்துக்கொண்டது.

பஞ்சாயத்துத் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு. நிற்பது அவர் மனைவி சரசு. சன்னதித் தெரு அச்சகத்தின் பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தாள். போஸ்டரில் அவளுக்குக் கிடைத்தது இடது மூலை, அதுவும் தபால்தலை அளவு.

வேட்பாளர் முகம்தான் முதலில் கண்ணில் படவேண்டும் என்று தேவிப்ரியா சொல்லிப் பார்த்தாள். மாலை டிசைன் வகுப்பில் படித்ததுதான். ஆனாலும் சொல்லும்போதே குரல் உள்ளே போயிற்று.

ஊருக்கு என்னைத்தான் தெரியும், இவளை எவனுக்குத் தெரியும் என்று சிரித்தார் மூர்த்தி.

தேவிப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மவுஸை நசுக்கிவிடுவதுபோல் பிடித்தாள்.

அவருக்கு அடுத்த குறை. மூலைப் படத்தில் சரசு போஸ்டருக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம் பொண்டாட்டி என்னைப் பாக்காம எவனைப் பாக்கறா? திருப்பிப் போடும்மா.”

படத்தை இடவலமாகப் புரட்டினாள். சரசு இப்போது கணவனைப் பார்த்தாள். அவர் திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

அப்புறம்தான் தேவிப்ரியா கவனித்தாள். முகத்தோடு முந்தானையும் புரண்டு, சேட்டு வீட்டுப் பெண்கள் போடுவதுபோல் வலது தோளுக்குப் போயிருந்தது. மூக்குத்தியும் பக்கம் மாறியிருந்தது.

கோபத்தில் வேலை செய்தால் இப்படித்தான். தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கிரிவலப் பாதைச் சுவர் முழுக்க ஒட்டப் போகிறார்கள். ஊர்ப் பெண்கள் சும்மா விடுவார்களா?

சரசு எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

தப்பாகிவிட்டது அக்கா, இதோ சரிசெய்துவிடுகிறேன் என்று தேவிப்ரியா மவுஸை நகர்த்தினாள். சரசு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

“சரிபண்ணாத. ஒழுங்கா இருந்தா எவ திரும்பிப் பாக்கப் போறா? யாருடி இவ, முந்தானையக்கூட மாத்திப் போட்டிருக்கான்னு அத்தனை பொம்பளைங்களும் கிட்ட வந்து எம் மூஞ்சியத்தான் பாப்பாளுங்க.”

வாசலிலிருந்து மூர்த்தி, முடிந்ததா என்று கேட்டார்.

“முடிஞ்சிதுங்க, அடிக்கச் சொல்லுங்க” என்றாள் சரசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.