மெதுவாகவே வந்திருக்கலாம்

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் மோட்டார் சைக்கிள் இன்ஜின் இறுகிப்போய் நிற்கிறது. இலைகளுக்கிடையே உச்சிவெயில் பொட்டுப் பொட்டாக டாங்கின் மேல் விழுகிறது. தீய்ந்த ஆயில் வாடை. நூர்முகமது குத்தவைத்து இன்ஜினையே பார்த்துக்கொண்டிருக்கிறான். நேற்று புது பிஸ்டன் போட்டுக்கொடுத்த மெக்கானிக் ராஜேந்திரன், "அலுமினியம் அண்ணாத்த, சூடேறுனா சிலிண்டரவிட சீக்கிரமா உப்பிப் புடிச்சிக்கும். கொஞ்ச நாளு மெதுவா ஓட்டு" என்று சொல்லித்தான் அனுப்பினான். காலையில் செங்கல்பட்டிலிருந்து மாமனார் மௌத்தான சாவுச் சேதி வந்தது. நடுப்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்குக்கு முன்னால் ஜனாஸாவை அடக்கத்துக்காக வீட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள். மாமல்லபுரத்தில் முறுக்கிய ஆக்சிலேட்டரை அவன் இங்கே வரைக்கும் தளர்த்தவேயில்லை. மனைவி ஜஹனாரா சாலையோரக் கல்லில் உட்கார்ந்து முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள். அவன் சிலிண்டரைத் தொடுகிறான், சுடுகிறது. மெதுவாக வந்திருந்தால் இந்நேரம் அவள் அத்தாவின் முகத்தைப் பார்த்திருப்பாள். தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு மிதந்து வருகிறது. அவள் விரல்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. கொஞ்சநேரம் கழித்து அவன் எழுந்து கிக்கரை மிதிக்கிறான். ஆறிய பிஸ்டன் பிடிவிட்டு, வண்டி கிளம்பிவிடுகிறது. அவனால் அவளைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அவள் வந்து பின்னால் உட்கார்ந்து, அவன் தோளில் கை வைக்கிறாள். "மெதுவாவே போங்க," என்கிறாள். "இனிமே இன்னா அவசரம்."