மேயரின் காலை ஓட்டம்

ரொக்வியல் ஊரின் பழைய கோட்டை வாசலுக்குள் நுழையும் முன், ஜெர்வே தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார். மலையேறி ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடத்ததற்கு அது மட்டும் காரணமில்லை.

ஓதிலின் முன்வாசல் பக்கமே போகாமல், சந்துக்குள் இருந்த பின்கதவை மெல்லத் தட்டினார். ஓதில் கதவைத் திறந்தாள்.

"யாரும் பார்க்கலையே?" என்று இவர் கேட்டார்.

"பார்த்தா பார்க்கட்டுமே. வெட்கப்படுற வயசா உங்களுக்கு? உள்ள வாங்க."

வெளியே வரும்போது அவர் பனியனுக்குள் சுடச்சுட ஒரு நீளமான பகெத் ரொட்டி இருந்தது. இடிந்த மதிலின் மறைவில் உட்கார்ந்து நுனியைக் கடித்தார். மொறுமொறுவென்று உடைந்தது. ரொட்டி தீரும்வரை சொர்க்கம்தான். தீர்ந்ததும் மனசு குத்த ஆரம்பித்துவிட்டது.

அடுத்த ஊரில் ஓதிலின் கடையில் ரொட்டி வாங்குவது ஒரு குற்றமா? மற்றவர்களுக்கு இல்லை, ஜெர்வேக்குக் குற்றம்தான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மொந்தாரியா ஊருக்கு அவர் மேயர். அங்கே தபால் ஆபீஸ் போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று, கஃபேயும் போயிற்று. ரொட்டிக்கடையும் பூட்டிக் கிடந்தபோது, எங்கோ பிரெஸ்த் துறைமுகத்தில் இருந்த லோயிக்கை, "எங்க ஊருக்கு உயிர் குடுப்பா" என்று கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தவரே இவர்தான்.

லோயிக் தங்கமான பையன். ஆனால் அவன் சுடுகிற ரொட்டி இருக்கிறதே, வெளியே கருகியிருக்கும், உள்ளே மாவாகவே இருக்கும். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். "ரொட்டிக்கடையை மூடினா ஊரை மூடின மாதிரி" என்று மேயர் கூட்டம் போட்டு, மேசையைத் தட்டிப் பேசினார். எல்லோரும் பலமாகக் கைதட்டிவிட்டு, மறுநாள் காரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்கு ரொட்டி வாங்கப் போனார்கள்.

பேசிய வாய்க்கும் ருசி உண்டே, என்ன செய்வது? ஆனால் மேயரின் காரை ஊரே அறியும். அதனால்தான் ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஓட்டப் பயிற்சி. பாலத்தைத் தாண்டி, கஷ்கொட்டை மரக் காட்டு வழியாக மலையேறி இறங்கினால் ரொக்வியல். எதிரே வருவது ஆடுகள் மட்டும்தான்.

மனைவி எலியானுக்கு மட்டும் சந்தேகம் விழுந்திருந்தது. "ஓடி ஓடி இளைச்சவங்களைப் பார்த்திருக்கேன். ஓடி ஓடித் தொப்பை வெச்ச மனுஷனை இப்பதான் பார்க்கிறேன்" என்பாள்.

பாவத்துக்குப் பரிகாரமும் ஜெர்வே செய்துகொண்டிருந்தார். திரும்பி ஓடிவரும்போது தினமும் லோயிக் கடையில் ஒரு ரொட்டி வாங்குவார். "பிரமாதம்ப்பா" என்று அவன் எதிரிலேயே ஒரு வாய் கடித்து, எப்படியோ விழுங்கியும் காட்டுவார். மிச்சத்தைக் கோழிகளுக்குப் போடுவார். அவையே யோசித்துத்தான் கொத்தும். தானும் வாங்காவிட்டால் பையன் அன்றைக்கே கடையை மூடிவிடுவான் என்பது அவர் பயம்.

லோயிக்கும் கடை வாசலில் நின்று மலைப்பாதையைப் பார்த்தபடி இருப்பான். "நாளைக்கும் வருவீங்களா, மேயர் ஐயா?" என்று தினமும் கேட்பான். "உயிர் இருக்கிறவரைக்கும் வருவேன்" என்று இவர் சொன்னதும் அவன் கண் கலங்கிவிடும். இப்படி நன்றியுள்ள பிள்ளைக்கா துரோகம் செய்கிறோம் என்று நினைத்தபடியே ஜெர்வே வீட்டுக்கு நடப்பார்.

அவன் மனைவி பிரசவத்துக்கு பிரெஸ்த் போனவள், திரும்பவே இல்லை. குழந்தை நடக்கக்கூட ஆரம்பித்துவிட்டதாம். போய்ப் பார்த்துவிட்டு வாயேன் என்று மேயர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். கடை இருக்கிறதே என்று அவன் தலையைக் குனிந்துகொள்வான்.

இன்றைக்குக் கடைக்குள் நுழைந்தபோது லோயிக்கின் கண்கள் வீங்கியிருந்தன. விடியும் முன்பே எழுந்து சுட்டதாம். வேறு யாரும் இன்னும் வரவில்லை. வழக்கமான ரொட்டியோடு இன்னொன்றையும் சேர்த்து நீட்டினான். "இது உங்களுக்குன்னே தனியா சுட்டது. காசு வேண்டாம்."

அவ்வளவுதான், ஜெர்வேயால் தாங்க முடியவில்லை. இரண்டு ரொட்டியையும் மேசைமேல் வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். பின்கதவு, இடிந்த மதில், ஓதிலின் ரொட்டி, கோழிகள், எதையும் மறைக்கவில்லை. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு முதலில் ஓடிப்போனவனே தான்தான் என்றார்.

லோயிக் மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

ஜெர்வே பதறிப்போனார். தன் நாக்கு ருசியால் ஊரின் கடைசிக் கடையும் போகப்போகிறது என்று நினைத்தபோது அவருக்கே அழுகை வந்தது.

"என்னைத் திட்டு, அடிக்கக்கூட செய். ஆனா நான் செஞ்ச தப்புக்காகக் கடையை மட்டும் மூடிடாதப்பா" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

லோயிக் தலையை நிமிர்த்தினான்.

"நீங்க ஒருத்தர் ஆசையா சாப்பிடுறீங்களேன்னுதானே மேயர் ஐயா, நான் பெத்த குழந்தையைக்கூடப் பார்க்கப் போகாம, இன்னும் கடையை மூடாம இருக்கேன்."