குண்டு வந்த வழி

‘குண்டடி பட்ட ஹெலிகாப்டர் பத்திரமாகத் தரையிறங்கியது’ என்று டிவியில் ஓடியதும் கிரேஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ராணுவத்தில் இருக்கும் அவள் தம்பி ராபின் அதில்தான் போயிருந்தான். ஹெலிகாப்டரைச் சுட்டுவிட்டார்கள் என்று காலையில் அவனுடைய நண்பன் போனில் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. அப்பா கரும்பு வெட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கச்சிராயபாளையத்து வீட்டுக்கு ஓடி வந்தவர், இன்னும் சட்டையைக்கூட மாற்றவில்லை.

அம்மா மாதா படத்துக்கு மெழுகுவத்தி கொளுத்தினாள். லீவுக்கு வந்திருந்த மகளைக் கட்டிக்கொண்டாள்.

“நீ செஞ்ச மிஷினுதாண்டி எம்புள்ளைய திருப்பி இட்டுகினு வந்துச்சி.”

அதில் பொய்யில்லை. அந்த ஹெலிகாப்டரின் மேலே சுழலும் ரோட்டரைச் சாய்த்துத் திருப்பும் ஆக்சுவேட்டரை வடிவமைத்தவர்களில் கிரேஸும் ஒருத்தி. அதற்கு இரண்டு சிலிண்டர். ஒன்றில் குண்டு பாய்ந்து, கிழிந்த உலோகம் பிஸ்டனைக் கவ்விக்கொண்டாலும் மற்றது அதையும் மீறித் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ரோட்டர் சொன்ன பேச்சு கேட்காது. உள்ளே இருக்கும் அத்தனை பேரும் போய்ச் சேர வேண்டியதுதான்.

தம்பியைத் தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்றுதான் காலையிலிருந்து நடுங்கிக்கொண்டிருந்தாள்.

போன் அதிர்ந்தது. பெங்களூரிலிருந்து அவளுடைய மேலதிகாரி தீனதயாளன் சார் ஒரு படம் அனுப்பியிருந்தார். அனுப்பக் கூடாத படம். மனுஷனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராபின் என்று ஒருவன் இருப்பதே அவருக்குத் தெரியாது.

‘நம்ம பார்ட்தான்! ஒரு சிலிண்டர் காலி. இன்னொண்ணு கடைசி வரைக்கும் தள்ளியிருக்கு!’

கிரேஸ் படத்தைப் பெரிதாக்கினாள். சிலிண்டரின் கீழ்ப்பக்கம் ஓட்டை, விளிம்பு உள்ளே மடிந்திருந்தது. சோதனையில் சுட்டுப் பார்த்தபோது விழுந்த அதே மாதிரி ஓட்டை. அவளுக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

அப்புறம்தான் அந்தச் சோதனை எப்படி நடந்தது என்பது நினைவுக்கு வந்தது.

சோதனையில் ஆக்சுவேட்டரைத் தனியாக ஸ்டாண்டில் மாட்டிச் சுடுவார்கள். குண்டுக்கும் அதற்கும் நடுவில் வெறும் காற்று.

வானத்தில் அப்படியில்லை. அது இருப்பது கூரைக்கு மேலே. கீழேயிருந்து வரும் குண்டு, ஆட்கள் உட்காரும் இடத்தைத் துளைத்துக்கொண்டுதான் அங்கே போக முடியும்.

ஓட்டையின் சாய்விலேயே மனதுக்குள் ஒரு கோட்டைக் கீழே இழுத்தாள். அது இடது கதவோர இருக்கையில் போய் நின்றது.

“தம்பிக்கு ஒரு போனப் போடுடி. கொரல ஒரு தபா கேட்டா போதும்” என்றாள் அம்மா.

இடது கதவோரம் துப்பாக்கியோடு உட்காருவதுதான் ராபினின் வேலை.