நாங்கள் குடியிருந்த வீடு

முதலில் புகை வர வேண்டும்.

அடுப்பில் பைன் சுள்ளிகளைத் திணித்துவிட்டு, புகைபோக்கியைப் பார்க்க வெளியே ஓடினேன். வந்துகொண்டிருந்தது. சாலையில் போகிறவர்களுக்கு இங்கே காலைச் சமையல் நடப்பதாகத் தோன்றும்.

அடுப்பின் மேலிருந்த சட்டியில் ஒன்றும் இல்லை. நாங்கள் விடிவதற்கு முன்பே ஐந்து மைல் தள்ளியிருக்கும் எங்கள் சொந்த வீட்டில் சோளக் கஞ்சி குடித்துவிட்டு வந்திருந்தோம்.

பிறகு வாசலில் ஒரு வாளி. படியில் அப்பாவின் பழைய பூட்ஸ். கொடியில் துணி முன்பே கிடந்தது.

கூரை ஒழுகும். ஒரு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை. யாரும் குடியிருக்க முடியாத அந்த வீட்டில்தான், காகிதப்படி, நாங்கள் குடியிருந்தோம்.

வர்ஜீனியாவில் எங்கள் மாவட்டத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. கறுப்புப் பிள்ளைகளையும் வெள்ளைப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைக்கச் சொல்லி கோர்ட் தீர்ப்பு வந்தது. அதற்குப் பயந்து எல்லாப் பள்ளிகளையும் பூட்டிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஒன்றைத் திறந்துகொண்டார்கள்.

மாவட்ட எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் கறுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. மஞ்சள் பஸ் இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் மட்டும்தான் அதில் ஏறலாம்.

அதனால் தினமும் அப்பாவின் லாரி எங்களைப் பின்பக்கத்து மண்பாதையில் இறக்கிவிடும். பின்வாசல் வழியாக நுழைவோம். பஸ் வரும்போது பிள்ளைகள் முன்வாசல் வழியாக, இங்கேயே தூங்கி எழுந்த முகத்தோடு போவார்கள்.

பதினொரு வயதுத் தங்கை வெர்லீனின் கட்டுரையில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். தம்பி கிளைடின் சட்டைப் பொத்தானை மாட்டினேன். கடைக்குட்டி ஓடெலின் தலையை வாரிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லவைத்தேன்.

ஏழெட்டில் தடுமாறினான். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

முன்கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை.

வெள்ளைக்காரர். பழுப்புத் தொப்பி, கையில் அட்டையில் செருகிய காகிதம். இந்த மாவட்டத்துப் பள்ளி வாரியத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். எல்லை தாண்டி வந்து ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிறாராம். பிடிபட்ட பிள்ளைகளுக்கு அன்றோடு பள்ளி இல்லை.

"உங்கம்மா எங்க?"

"சமையல் வேலைக்குப் போயிட்டாங்க ஐயா." அது உண்மைதான்.

உள்ளே வந்தார். அடுப்பில் கைவைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. மெத்தையை அழுத்திப் பார்த்தார். வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

பிறகு ஜன்னல் வழியாகக் கொடியைக் காட்டினார்.

"அந்த நீலச் சட்டை திங்கக்கிழமையிலேர்ந்து அங்கேயே கிடக்குதாமே? நடுவுல மழைகூடப் பெஞ்சுது. குடியிருக்கற வீட்டுல துணிய எடுக்க மாட்டாங்களா?"

அன்று வெள்ளிக்கிழமை. தொங்கவிட வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியிருந்தது. எடுக்க வேண்டும் என்பது தோன்றவேயில்லை.

மூன்று பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள்.

"அது என் வேலை ஐயா. நான் ஒரு சோம்பேறி. அம்மா தினமும் திட்டுது."

அவர் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. பெருக்காத தரையையும் வாராத என் தலையையும் பார்த்தார். வீடு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது.

"உனக்கு என்ன வயசு?"

"பதினாலு."

"அப்ப நீ ஏன் பஸ்ஸுக்குக் கிளம்பல?"

மூன்று பேர் படிக்க வேண்டுமானால் ஒருத்தி இருந்து புகை போட வேண்டும். அப்பாவுக்கு மரம் அறுக்கும் ஆலை, அம்மாவுக்கு அடுத்தவர் சமையலறை. மூத்தவள் நான். இந்த ஒரு வருஷம் மட்டும் என்று போன வருஷம் சொன்னார்கள்.

"எனக்குப் படிப்பு ஏறல ஐயா."

"பொய்!" என்றான் ஓடெல். "அக்காதான் எனக்கு..."

வெர்லீன் அவன் காலை மிதித்தாள். மிதித்துக்கொண்டே சிரித்தாள்.

"எங்கக்காவா? கடைக்கு அனுப்பினா பாதி வழியில எதுக்கு வந்தோம்னு மறந்துட்டு நிக்கும் ஐயா. மாடுகூட அதவிடத் தேவல."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெர்லீனின் கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது.

"ஓடுங்க, ஓடுங்க" என்றார் அவர். மூன்று பேரும் முன்வாசல் வழியாக ஓடினார்கள். ஓடெல் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். வெர்லீன் பார்க்கவில்லை.

அவர் நின்றபடியே காகிதத்தில் எழுதினார். அவர் எழுதியதைத் தலைகீழாகவே படித்தேன்.

பிள்ளைகள் மூவர். குடியிருப்பு உண்மை. மூத்த பெண் மந்தம், படிக்க லாயக்கில்லை.

அடுப்பைத் தொட்டுப் பார்த்தார், மெத்தையை அழுத்திப் பார்த்தார். இந்தக் கடைசி வரியை மட்டும் அவர் எதையும் சோதிக்காமலே எழுதிவிட்டார்.

"பெரியவங்க கையெழுத்து வேணும். யாரும் இல்ல, நீயே போடு." பென்சிலை நீட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகக் குரலைத் தணித்துக்கொண்டார். அன்பாகத்தான் சொன்னார்.

"பேரு எழுத வரலைன்னா பரவாயில்ல, பொண்ணு. ஒரு பெருக்கல் குறி போட்டாப் போதும்."

பென்சிலை வாங்கிக்கொண்டேன். என் வலது கை அதை எழுதுகிறவர்கள் பிடிக்கிற மாதிரியே பிடித்தது.

இடது கைக்கு மாற்றிக்கொண்டேன்.