பலாப்பழ மஞ்சள்

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பல் தேய்த்தால் நுரையீரலும் சேர்ந்து தெரியும். எல்லா வீட்டிலும் அது பழகிப்போய்விட்டது.

அன்று காலை ஜெனிட்டா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். சவரம் செய்ய அவளுக்குப் பின்னால் காத்திருந்த அப்பா சேவியர் அசந்துபோய் நின்றார். மகளின் நெஞ்சுக்குள் ஒரு மரம் ஒளிர்ந்தது. அவள் மூச்சை இழுக்க இழுக்க, மயிரிழை போன்ற கிளைகளின் நுனிவரை மஞ்சள் ஓடியது. இப்படியோர் அழகை அவர் பார்த்ததேயில்லை.

வேப் என்கிற மின்சிகரெட்டை இழுத்தால் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். எந்தச் சுவையோ அதற்குரிய நிறம். வேப் ஆலையில் அந்த நிறங்களைச் சேர்ப்பதுதான் சேவியரின் வேலை.

"பத்தாங்கிளாஸ்ல எல்லாரும்தான் இழுக்காங்கப்பா," என்றாள் ஜெனிட்டா, வாயில் நுரையோடு. "கடையிலதான் வாங்குனேன்."

சேவியரால் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அது பலாப்பழ மஞ்சள். கிறிஸ்துமஸுக்கு வரப்போகிற சரக்கு, இன்னும் எந்தக் கடைக்கும் போகவில்லை. ஆலையில் செய்த ஒரே ஒரு மாதிரிக் குழலை, நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க, நேற்று அவர்தான் சாப்பாட்டுப் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

நிறம் மிகச் சரியாக வந்திருந்தது.